ஏரி, குளத்தங்கரையில் கொசு: அறிகுறி பார்த்து வழி தேடுங்கள்

ஏரிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் கொசு கடித்தால் முதலில் ஏரியைத்தான் திட்டுவார்கள். "இவ்வளவு தண்ணி தேங்கி நிக்குது, கொசு வராம என்ன பண்ணும்?" என்று கேட்பார்கள். பல வருடமாக நீர்நிலைப் பராமரிப்பில் கையும் காலும் நனைத்துவிட்டுச் சொல்கிறேன்: நடு ஏரியில் கொசு பிறப்பதில்லை. பெரும்பாலான கொசுப்புழு மூச்சு வாங்க நீரின் மேற்பரப்புக்கு வந்தாக வேண்டும். வாலில் இருக்கும் மூச்சுக்குழாயைப் பரப்பில் ஒட்டிக்கொண்டு தொங்கும். காற்றடித்துச் சிற்றலை எழும்பும் இடத்தில் அந்தப் பிடி நிற்காது. ஆழமான நீரில் மீனும் விட்டுவைக்காது. கொசு பிறப்பது கரையை ஒட்டிய ஒரு மீட்டர் அகலத்தில், செடிக்குள், அலை எட்டாத மூலையில். அதுவும் இல்லையென்றால் ஏரியோடு சம்பந்தமே இல்லாத வேறு ஒரு தண்ணீரில்.

அதனால் மருந்து வாங்குவதற்கும் மீன் தேடுவதற்கும் முன்னால், கொசு எந்தத் தண்ணீரிலிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். கீழே உள்ள அறிகுறிகளில் உங்களுடையது எது என்று பார்த்து நேராக அங்கே போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

முதலில் ஒரு வெள்ளைக் கிண்ணம்

கொசு ஆய்வுக்குப் போகிறவர்கள் நீளக் கைப்பிடி வைத்த வெள்ளைக் கரண்டி ஒன்று வைத்திருப்பார்கள். சுமார் 350 மில்லி பிடிக்கும். அது இல்லாவிட்டால் வெள்ளை பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்றை ஒரு கம்பில் இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். வெள்ளையாக இருப்பது முக்கியம், இல்லாவிட்டால் நெளிவது கண்ணுக்குத் தெரியாது.

சூரியனைப் பார்த்தபடி நில்லுங்கள். உங்கள் நிழல் முதுகுப்பக்கம் விழ வேண்டும். நிழல் நீரில் பட்டாலோ, தடதடவென்று நடந்தாலோ புழு சட்டென்று அடியில் இறங்கிவிடும். அதற்கப்புறம் அள்ளிப் பார்த்து "இங்கே ஒன்றுமில்லை" என்று திரும்பிவிடுவோம். நான் பழக்கிவிட்ட பிள்ளைகள் எல்லோரும் முதல் வாரத்தில் செய்த தவறு இது. செடித் தண்டும் நீரும் சேரும் இடத்தில் கிண்ணத்தைச் சாய்த்து, விளிம்பை மட்டும் அமிழ்த்துங்கள். மேல்நீர் தானாக உள்ளே வழியும். நீரைக் கலக்கிவிட்டால் ஓரிரு நிமிடம் அசையாமல் நின்று, புழு மேலே வந்தபின் மறுபடி அள்ளுங்கள். கரை நெடுகப் பத்துப் பதினைந்து இடங்களில் அள்ளி, எங்கே எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த வாரம் அதே இடங்களில் மறுபடி அள்ளிப் பார்த்தால்தான் நீங்கள் செய்தது பலித்ததா என்று தெரியும்.

கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்று நிதானமாகப் பாருங்கள். வாலை மேலே வைத்துத் தலைகீழாகச் சாய்ந்து தொங்கினால் அது கியூலெக்ஸ் அல்லது ஏடிஸ் இனக் கொசுவின் புழு. நீர்ப்பரப்போடு ஒட்டி, மிதக்கும் துரும்புபோல் கிடைமட்டமாகப் படுத்துக் கிடந்தால் அனோபிலிஸ், அதாவது மலேரியா பரப்பும் இனத்தின் புழு. அதற்கு மூச்சுக்குழாய் கிடையாது. படுத்தபடியே தலையை மட்டும் 180 டிகிரி திருப்பி, நீர்ப்பரப்பின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருப்பதை மேயும். லென்ஸ் இருந்தால் ஒருமுறை பாருங்கள், அவ்வளவு சுறுசுறுப்பாக மேயும். தலை பெருத்து, உடம்பு காற்புள்ளி வடிவில் வளைந்து, தொட்டால் குட்டிக்கரணம் அடித்து இறங்குவது கூட்டுப்புழு. இது எதையும் தின்னாது. இந்த ஒரு விஷயம் பின்னால் மருந்துப் பகுதியில் வேண்டியிருக்கும், நினைவில் வையுங்கள்.

வெதுவெதுப்பான நீரில் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். அதனால் உங்கள் எல்லா வேலைகளுக்கும் ஒரு வாரம்தான் கணக்கு. பத்து நாளைக்கு ஒருமுறை கவனிக்கிற கரை, கவனிக்காத கரைக்குச் சமம்.

அறிகுறி: மாலையில் மேகம்போல் சுழல்கிறது, ஆனால் கடிப்பதில்லை

இது கொசுவே இல்லை. ஏரிகளில் சாதாரணமாக உண்டாகும் ஒரு வகை ஈ. கைரோனமிட் என்பார்கள். கொசுவின் உருவம்தான், ஆனால் குத்தும் ஊசிமூக்கு கிடையாது. சுவரில் உட்காரும்போது முன்னங்கால் இரண்டையும் தூக்கி வைத்திருக்கும். கியூலெக்ஸ், ஏடிஸ் கொசுக்கள் பின்னங்காலைத் தூக்கும். சிறகு உடம்பைவிடக் குட்டையாக இருக்கும். ஆண்களின் உணர்கொம்பு இறகுபோல் விரிந்திருக்கும். அந்திநேரத்தில் ஒரு மரத்தின் உச்சியிலோ கம்பத்தின் மேலோ தூண்போல் எழும்பிச் சுழல்வது ஆண் கூட்டம். காலையில் விளக்குக்குக் கீழே குவியலாகச் செத்துக் கிடப்பதும் இவைதான்.

இவற்றுக்குக் கரையில் மருந்து தெளிப்பது வீண். இவற்றின் புழு ஏரியின் அடிச்சேற்றில் வாழும். நிறையப் பேர் மீன் தொட்டிக்கு வாங்கும் சிவப்புப் புழு அதுதான். நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் அதன் உடம்பிலும் இருப்பதால் அந்தச் சிவப்பு. ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் அதனால் பிழைத்துக்கொள்கிறது. வருடா வருடம் இவற்றின் கூட்டம் பெருகினால் ஏரிக்குள் கழிவுநீரும் உரச்சத்தும் வந்து சேர்கின்றன என்று பொருள். அவை வந்து சேரும் வழியை அடைப்பதுதான் நிரந்தர வழி. அதற்குள் கரையோர விளக்குகளை மங்கலான மஞ்சள் ஒளிக்கு மாற்றுங்கள், அல்லது வீட்டைவிட்டுத் தள்ளி வையுங்கள். வெளிச்சத்துக்குத்தான் வருகின்றன. சிலருக்கு இவற்றின் செத்த உடல் தூளாகி மூச்சுத் தொல்லையோ ஒவ்வாமையோ தரும். அப்படிப்பட்டவர்கள் வீட்டில் இருந்தால் குவியலைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் எடுங்கள்.

அறிகுறி: பட்டப்பகலில் கடிக்கிறது

காலை வெயிலிலும் பிற்பகலிலும் கணுக்காலைத் தேடி வந்து கடிக்கிறது, காலில் வெள்ளைப் பட்டை தெரிகிறது என்றால் ஏடிஸ். டெங்கு பரப்புவது இதுதான். ஏரியை விட்டுவிடுங்கள். வீடுகளைச் சுற்றித் திரியும் ஏடிஸுக்கு ஏரித் தண்ணீர் தேவையே இல்லை. வாளி, பூந்தொட்டித் தட்டு, கழற்றிப் போட்ட டயர், மூடாத தொட்டி, மரப்பொந்து ஆகியவைதான் அதன் ஏரி. பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்தான் சுற்றும். அப்படியானால் அது உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ பிறந்தது.

கரையோரமாக இருந்தால் கரையில் கவிழ்த்து வைத்த படகையும், மீன் பிடிப்பவர்கள் விட்டுப்போன டப்பாக்களையும், தார்ப்பாயின் மடிப்பையும் பாருங்கள். தொட்டியைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. உட்சுவரைப் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். ஏடிஸ் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரச் சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மறுபடி நீர் ஏறியதும் பொரிக்கும்.

அறிகுறி: பொழுது சாய்ந்ததும் கடி தொடங்குகிறது, கரையில் அள்ளினால் புழு இருக்கிறது

ஏரிக்கரைக் கொசு என்று சொல்லத்தக்க பிரச்சினை இதுதான். நம் வேலையில் பாதிக்கு மேல் இங்கேதான். அள்ளிய இடங்களை நோட்டில் குறித்திருப்பீர்கள் அல்லவா, அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நாணலும் சம்பங்கோரையும் அடர்ந்த இடத்தில் புழு இருந்தால், எல்லாவற்றையும் பிடுங்கிவிடத் தோன்றும். வேண்டாம். தும்பியின் குஞ்சு, நீர்வண்டு, மீன்குஞ்சு எல்லாம் அந்தச் செடியைத்தான் நம்பியிருக்கின்றன, அவையெல்லாம் கொசுப்புழுவைத் தின்பவை. நெஞ்சளவு உயரத்தில் பச்சையாக நிமிர்ந்து நிற்கும் தண்டு பெரிய தொல்லை இல்லை. காய்ந்து, ஒடிந்து, நீரின்மேல் பாய் விரித்ததுபோல் படிந்து கிடக்கும் பழைய தாள்தான் தொல்லை. அதன் இடுக்கில் மீன் நுழையாது, அலை புகாது, அழுகிய தாளில் புழுவுக்கு உணவும் கிடைக்கும். அந்தப் படிந்த தாளை வாரி எடுங்கள். அப்புறம் கரையிலிருந்து நடுநீர் வரை, மூன்று நான்கு மீட்டருக்கு ஒன்றாக, மீன் நுழையும் அளவுக்குச் சந்து வெட்டிவிடுங்கள். ஒரு முழம் அகலம் இருந்தாலே மீன் உள்ளே வந்து போகும்.

கரை மெதுவாகச் சரிந்து, கணுக்கால் நீராகப் பரந்து கிடக்கிறதா? அங்கே எவ்வளவு வெட்டினாலும் புல் மறுபடி வரும். முடிந்தால் ஓரத்தை ஆழப்படுத்துங்கள். ஒன்றேகால் மீட்டர் ஆழத்துக்கு மேல் கோரை வேர்பிடிக்கத் திணறும். ஆனால் குழந்தைகள் விளையாடும் கரையைச் செங்குத்தாக வெட்டாதீர்கள். அங்கே வாரா வாரம் புல்லை ஒழுங்காக வெட்டி வெளியே எடுப்பதே மேல்.

நீர்மட்டத்தை மதகு வைத்துக் கட்டுப்படுத்த முடிகிற ஏரியாக இருந்தால் உங்களுக்கு அருமையான ஆயுதம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் 1930, 40களில் தன் நீர்த்தேக்கங்களில் மலேரியாக் கொசுவை எதிர்த்தபோது, நீர்மட்டத்தை வாரச் சுற்றில் ஓர் அடி அளவுக்கு இறக்கியும் ஏற்றியும் வந்தது. நீர் இறங்கும்போது செடிக்குள் பதுங்கியிருந்த புழு தரையில் சிக்கிக் காய்ந்துபோகும், அல்லது மீன் இருக்கும் திறந்த நீருக்கு இழுபட்டு வரும். மருந்தே வேண்டாம். ஆனால் இறக்கினால் கரை நெடுக வடிய வேண்டும். நடுவில் குழியாகத் தேங்கினால் வேலை கெட்டுவிடும்.

குழி என்றதும் மாடுகள் நினைவுக்கு வருகின்றன. ஒரு கரையில் இரண்டு மாதமாகப் புழு வரும் இடம் பிடிபடவில்லை. ஏரி சுத்தமாக இருந்தது, கிண்ணத்தில் ஒன்றும் வரவில்லை. ஒரு நாள் குனிந்து பேனா தேடும்போதுதான் பார்த்தேன், மாடு தண்ணீர் குடிக்க இறங்கும் சேற்றில் ஒவ்வொரு குளம்புக் குழியிலும் ஒரு குவளை நீர். குழிக்கு முப்பது, நாற்பது புழு. கிண்ணம் நுழையாத அளவுக்குச் சின்னக் குழி என்பதால் யாரும் அள்ளிப் பார்க்கவில்லை. மருந்துக் குழம்பு இறைக்கும் சிறிய உறிஞ்சு குழாயால் எடுத்துப் பார்த்தோம். அத்தனையும் அனோபிலிஸ். மாடு இறங்கும் துறையில் கல்லும் சரளையும் கொட்டிக் கெட்டிப்படுத்தினோம். குழி விழவில்லை, புழுவும் இல்லை. உங்கள் கரையில் மாடோ எருமையோ இறங்கினால் முதலில் அங்கே போய்ப் பாருங்கள். வண்டிச் சக்கரத் தடமும் அப்படித்தான்.

ஏரிக்குள் சாக்கடை வந்து விழும் இடத்தையும் தனியாகப் பார்க்க வேண்டும். கருத்த, நாற்றமடிக்கும் நீரில் கியூலெக்ஸ் மகிழ்ந்து முட்டையிடும். ஒரு முட்டைத் தொகுதியில் 100 முதல் 300 வரை இருக்கும், கரித்தூள் ஒட்டியதுபோல் சில மில்லிமீட்டர் நீளத்தில் மிதக்கும். அதை ஒரு குச்சியால் எடுத்துத் தரையில் தேய்த்துவிடலாம், ஒரே தேய்ப்பில் நூறு கொசு போனது. வாய்க்காலில் நீர் தேங்காமல் ஓடும்படி மண்ணை வாரிவிடுவதுதான் நிரந்தர வேலை.

அறிகுறி: இரவெல்லாம் கடி, ஆனால் எங்கே அள்ளினாலும் புழு இல்லை

நீரின்மேல் ஆகாயத்தாமரை, வெங்காயத்தாமரை மாதிரி மிதக்கும் செடி பரவியிருக்கிறதா? இருந்தால் சந்தேகப்பட வேண்டியது மான்சோனியா என்ற கொசு இனம். இதன் புழு மூச்சு வாங்க மேலே வருவதே இல்லை. மூச்சுக்குழாயின் நுனி ரம்பம்போல் கூராக இருக்கும். அதைச் செடியின் வேருக்குள் குத்தி, வேருக்குள் இருக்கும் காற்றை இழுத்துக்கொண்டு அங்கேயே கிடக்கும். அதனால் கிண்ணத்தில் வராது. நீரின்மேல் பரவும் எண்ணெய்ப் படலமும் இதை ஒன்றும் செய்யாது. மேலே வந்து மீனிடம் மாட்டுவதும் குறைவு. யானைக்கால் நோயின் ஒரு வகையைப் பரப்புவதும் இந்த இனம்தான். பெயர் பேட்ரிக் மான்சன் என்ற மருத்துவர் நினைவாக வைத்தது. கொசுவுக்கும் யானைக்காலுக்கும் உள்ள தொடர்பை 1877இல் முதலில் கண்டவர் அவர்.

சோதனை எளிது. ஒரு வெள்ளை வாளியில் பாதி நீர் ஊற்றுங்கள். செடியை நீருக்கு வெளியே தூக்காமல், வாளியை அடியில் செருகி வேரோடு மெதுவாக எடுங்கள். சட்டென்று இழுத்தால் புழு வேரை விட்டுவிடும். பிறகு வாளிக்குள் வேரை நன்றாக உதறி, செடியை எடுத்துவிட்டு, பத்து நிமிடம் பொறுங்கள். அடியில் நெளிவது தெரியும்.

வழி ஒன்றுதான், செடியை அகற்றுவது. இலையின் அடியில் ஒட்டி வைத்த முட்டையும் செடியோடு போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். களைக்கொல்லி தெளித்து மொத்தத்தையும் ஒரே நாளில் சாகடித்தால் அழுகும் செடி நீரின் ஆக்சிஜனைக் குடித்துவிடும், மீன் செத்து மிதக்கும். மீன் போனபின் வேறு கொசு வரும். எடுத்த செடியைக் கரையிலேயே குவிக்காதீர்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மிதக்கும் செடி எதுவும் இல்லை, புழுவும் இல்லை என்றால் ஏரியைச் சுற்றி 1 கிலோமீட்டர் நடந்து பாருங்கள். மூடி உடைந்த கழிவுநீர்த் தொட்டி, பாதியில் நின்ற கட்டடத்தின் அடித்தளக் குழி, பயன்படாத கிணறு ஆகியவற்றைப் பாருங்கள். கியூலெக்ஸ் அவ்வளவு தூரம் பறந்து வரக்கூடியது.

அறிகுறி: மழை பெய்து ஒரு வாரத்தில் திடீரென்று கொள்ளைக் கொசு

மழைக்கு முன் காய்ந்திருந்த கரை நிலத்தில் முட்டை ஏற்கெனவே கிடந்தது. வெள்ளநீர்க் கொசுக்கள் என்று ஒரு கூட்டம் உண்டு, ஏடிஸ் இனத்தில் சில அப்படி. நீர் ஏறி இறங்கும் ஈர மண்ணில் முட்டையிட்டுவிட்டுப் போகும். நீர் ஏறியதும் எல்லாம் ஒரே சமயத்தில் பொரிக்கும். அதனால்தான் ஏழெட்டு நாளில் பேரிரைச்சலாகக் கிளம்புகிறது. இவை நெடுந்தூரமும் பறக்கும்.

கொசு கிளம்பியபின் செய்வதற்கு அதிகமில்லை. மழை பெய்த மூன்றாம் நாள், நான்காம் நாள் அந்தத் தாழ்வான நிலத்தில் அள்ளிப் பாருங்கள். புழு இருந்தால் அப்போதே பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்தின் குருணையைத் தூவுங்கள். மழைக்காலம் முடிந்தபின் அந்தத் தாழ்வை மண்போட்டு மேடாக்குங்கள், அல்லது ஏரியோடு ஒரு சிறு வாய்க்கால் வெட்டிச் சேருங்கள். நீர் வடிவதற்கும் ஆயிற்று, மீன் வந்து தின்பதற்கும் ஆயிற்று.

அறிகுறி: மீன் விட்டோம், கொசு குறையவில்லை

மீன் புழுவை எட்ட முடிகிறதா என்று முதலில் பாருங்கள். இழைப்பாசி மெத்தைபோல் படிந்திருந்தால், அதன்மேல் தேங்கும் அரை அங்குல நீரில் புழு பத்திரமாக இருக்கும். மீன் கீழே சுற்றிக்கொண்டிருக்கும். பாசியை வாரினால் அடுத்த நாளே வித்தியாசம் தெரியும். பெரிய மீன் நிறைய இருந்தால் சிறு மீனைத் தின்றுவிடும், அதுவும் ஒரு காரணம்.

எந்த மீன் விட்டீர்கள் என்பதும் கேள்வி. கொசு மீன் என்று பெயர் வாங்கிய கம்பூசியாவை நூறு வருடத்துக்கு மேலாக உலகம் முழுக்கக் கொண்டுபோய் விட்டார்கள். அது உள்ளூர் மீனின் முட்டையையும் தலைப்பிரட்டையையும் தின்று, மற்றவற்றின் துடுப்பைக் கடித்துத் துரத்தும். உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவி உயிரினங்களின் பட்டியலில் அதுவும் இருக்கிறது. கப்பி மீன் அழுக்கு நீரையும் தாங்கும், ஆனால் அதுவும் வெளியிலிருந்து வந்ததுதான். மூடிய தொட்டியிலும் அலங்காரக் குட்டையிலும் இவற்றை வைத்துக்கொள்ளுங்கள். ஏரியிலும் ஆற்றோடு சேரும் குளத்திலும் தயவுசெய்து விடாதீர்கள். ஒருமுறை விட்டால் திரும்ப எடுக்க முடியாது. அங்கேயே ஏற்கெனவே வாழும், மேல்நீரில் இரை தேடும் சிறு மீன் எது என்று மீன்வளத் துறையைக் கேட்டு, அது பெருக வழி செய்யுங்கள். பல ஏரிகளில் புது மீனே தேவைப்படாது. இருக்கும் மீனுக்குப் பாதை திறந்துவிட்டாலே போதும்.

அறிகுறி: மருந்து போட்டோம், புழு இன்னும் நெளிகிறது

என்ன மருந்து, போட்டு எத்தனை நாள், கிண்ணத்தில் நெளிவது புழுவா கூட்டுப்புழுவா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் காரணம் தெரிந்துவிடும்.

பி.டி.ஐ. என்பது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்ற பாக்டீரியா. 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில், தேங்கிய ஒரு குட்டையில் புழுக்கள் செத்துக் கிடந்ததிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அதன் நச்சுப் படிகத்தைப் புழு தின்ன வேண்டும். புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் அது கரைந்து குடற்சுவரை உடைக்கும், ஒரு நாளுக்குள் புழு சாகும். மனிதருக்கும் மாட்டுக்கும் மீனுக்கும் கெடுதல் இல்லாததால் நீர்நிலையில் நான் முதலில் நாடுவது இதைத்தான்.

ஆனால் தின்றால்தான் சாகும். கூட்டுப்புழு தின்னாது என்று முன்பே சொன்னேன். முழுதாக வளர்ந்து கூடாகப் போகிற புழுவும் கடைசியில் தின்பதை நிறுத்திவிடும். கிண்ணத்தில் காற்புள்ளிகளாகத் துள்ளினால் நீங்கள் நான்கு நாள் தாமதம். மருந்து பொய் இல்லை. அந்தத் தவணைக் கொசு பறந்துவிடும். அடுத்த தவணைக்குப் புழு சின்னதாக இருக்கும்போதே போடுங்கள். இந்த மருந்து ஒரு சில நாளில் அடியில் படிந்து, வெயிலில் வீரியம் இழந்துவிடும். அதனால் வாரம் ஒருமுறை போட வேண்டியிருக்கும். அடர்ந்த செடிக்குள் நீர்மருந்தைத் தெளித்தால் இலையே பிடித்துக்கொள்ளும். அங்கே குருணைதான் நீர் வரை இறங்கும். அளவைக் கன அளவால் கணக்கிடாமல், லேபிளில் சொன்னபடி நீர்ப்பரப்பின் சதுர மீட்டரால் கணக்கிடுங்கள். நடு ஏரிக்குப் போட வேண்டாம், புழு கண்ட ஓரத்துக்கு மட்டும் போடுங்கள்.

சாக்கடை கலந்த நீரில் பி.டி.ஐ. சரியாக வேலை செய்யாது. அங்கே மிதக்கும் அழுக்கைத் தின்றே புழுவின் வயிறு நிறைந்துவிடும். அப்படிப்பட்ட இடத்துக்கு ஸ்பெரிக்கஸ் என்ற இன்னொரு பாக்டீரியா மருந்து பொருத்தம். கியூலெக்ஸை நன்றாகக் கொல்லும், கூடுதல் நாள் நிற்கும். ஏடிஸிடம் அவ்வளவாகப் பலிக்காது.

மெத்தோப்ரீன், பைரிப்ராக்சிஃபென் போன்ற வளர்ச்சித் தடுப்பு மருந்து போட்டிருந்தால் புழு நெளிவது தோல்வி இல்லை. அவை புழுவைக் கொல்வதில்லை, கூட்டுப்புழு கொசுவாக மாறுவதைத்தான் தடுக்கும். நெளியும் புழுவையும் கூட்டுப்புழுவையும் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் அதே நீரோடு எடுத்து, மெல்லிய துணியால் வாய் கட்டி ஒரு வாரம் நிழலில் வையுங்கள். கொசு பறந்தால் மருந்து பலிக்கவில்லை. கூட்டுப்புழு செத்து மிதந்தால் பலிக்கிறது.

டெமிஃபாஸ் போன்ற பழைய ரசாயனத்துக்குப் பல இடங்களில் கொசு எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்டது. சரியான அளவில் போட்டும், அடுத்த நாள் சின்னப் புழு உயிரோடு இருந்தால் அளவைக் கூட்டாதீர்கள், மருந்தின் வகையை மாற்றுங்கள். மண்ணெண்ணெயும் கழிவு ஆயிலும் ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தும்பிக் குஞ்சும் மீனும் சேர்ந்து சாகும், தண்ணீர் பிறகு எதற்கும் உதவாது. பொது நீர்நிலையில் எந்த மருந்தானாலும் மீனானாலும் பொறுப்பில் உள்ள துறையின் அனுமதி வாங்கிவிட்டே இறங்குங்கள், குடிநீர் ஏரியானால் கட்டாயம்.

அறிகுறி: புகை அடித்தோம், மூன்றாம் நாள் பழையபடி

புகை அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுவை மட்டும் கொல்லும். நீருக்குள் இருக்கும் கூட்டுப்புழு மறுநாள் கொசுவாகிவிடும். நடுப்பகலில் அடித்தால் அதுவும் இல்லை. சூட்டில் புகை மேலே போய்விடும், கொசு செடிக்குள் ஒதுங்கியிருக்கும். நோய் பரவும் அவசரத்தில் அந்தியில் அடிப்பதற்குப் பொருள் உண்டு. மற்றபடி அந்தச் செலவைக் கரை வேலைக்குத் திருப்புங்கள்.

நீல விளக்கில் பட்டுப் பொசுங்கும் மின்பொறிகளையும் நம்ப வேண்டாம். 1996இல் டெலவேர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட பொறிகளில் செத்த 13,789 பூச்சிகளை எண்ணிப் பார்த்தார்கள். கடிக்கும் பூச்சி அதில் வெறும் 31. மற்றவற்றில் பல, பறவைக்கும் மீனுக்கும் இரையாகவோ, பயிருக்கு உதவியாகவோ இருந்திருக்க வேண்டியவை.

அறிகுறி: நீரூற்று ஓடுகிறது, ஆனாலும் புழு

அலை எட்டாத மூலை இருக்கிறது. ஒரு காய்ந்த இலையை நீரில் போட்டு அது எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள், அங்கேதான் புழு. ஊற்றின் வாயைத் திருப்புங்கள், அல்லது மூலையில் மண் நிரப்பி வளைவாக்குங்கள். இரவில் மோட்டாரை நிறுத்தும் வழக்கம் இருந்தால் அதை விடுங்கள். முட்டையிட வரும் கொசு பெரும்பாலும் இரவில்தான் வரும்.

அறிகுறி: ஏரியைச் சுத்தம் செய்தபின் அதிகமாகிவிட்டது

இது எங்கள் குழுவுக்கே நடந்தது. இயந்திரம் வைத்து நான்கு நாளில் வெங்காயத்தாமரையை மொத்தமாக வாரினோம். கரை நெடுகக் குவியல், ஆளுயரம். பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். மழை வந்தது. இரண்டு வாரத்தில் கரையோர வீடுகளில் குழந்தைகளின் கையெல்லாம் தடிப்பு. ஒரு அம்மா என்னிடம் வந்து, "சுத்தம் பண்றதுக்கு முன்னாடி நல்லா இருந்தோம் தம்பி" என்றார். அந்தச் சொல் இன்னும் மனதில் நிற்கிறது.

கிண்ணத்தோடு போய்ப் பார்த்தோம். இயந்திரத்தின் சங்கிலிச் சக்கரம் ஈரக்கரையில் முழங்கால் ஆழத்துக்குத் தடம் போட்டிருந்தது. அதில் மழைநீர். பக்கத்துக் குவியலிலிருந்து வடிந்த கருஞ்சாறு அதில் கலந்து, கியூலெக்ஸுக்குக் கேட்டதைக் கொடுத்தது போலாகிவிட்டது. ஒரு கிண்ணத்தில் எண்ண முடியாத அளவு புழு. ஏரியில் ஒன்றுகூட இல்லை.

தடங்களை மண்ணால் மூடினோம், குவியலை மேட்டுக்கு அப்புறப்படுத்தினோம். மூன்றாவது வாரம் அடங்கியது. உங்கள் ஏரியில் அண்மையில் தூர்வாரியிருந்தால், புது மண் கொட்டிய இடத்துக்கும் பழைய கரைக்கும் நடுவில் தேங்கும் நீரைத்தான் முதலில் அள்ளிப் பாருங்கள். வேலை தொடங்கும் முன்பே, எடுத்ததை எங்கே கொண்டுபோவது, தடத்தை யார் நிரவுவது என்று பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: புழு அநேகமாக இல்லை, கடி மட்டும் தொடர்கிறது

வளர்ந்த கொசு இரண்டு மூன்று வாரம் உயிரோடு இருக்கும். அதனால் வேலை முடித்த முதல் பத்து நாளில் ஏமாற்றம் அடையாதீர்கள். அந்த இடைவெளியில் திண்ணையிலோ தாழ்வாரத்திலோ ஒரு மேசை மின்விசிறியைக் கால் பக்கம் திருப்பி வையுங்கள். கொசு மணிக்கு இரண்டு கிலோமீட்டர் அளவே பறக்கும், விசிறிக் காற்றை எதிர்த்து வர அதனால் முடியாது. நாம் விடும் மூச்சின் வாசனையையும் அந்தக் காற்று கலைத்துவிடும். பகலில் கொசு ஒதுங்கும் வீட்டோரப் புதரைத் தரையிலிருந்து ஒரு முழம் உயரத்துக்குக் கழித்துவிடுங்கள். கரைக்குப் போகும்போது முழுக்கை சட்டையும், டீட் அல்லது பிகாரிடின் உள்ள கொசுவிரட்டிக் களிம்பும் போதும்.

காய்ச்சல் வந்து இரண்டு நாளாகியும் விடாவிட்டால் காத்திருக்க வேண்டாம். மருத்துவரிடம் போய் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். கிண்ணத்தில் படுத்துக் கிடந்த புழுவைப் பார்த்தீர்களா, பகலில் கடித்ததா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மலேரியாவா டெங்குவா என்று எதை முதலில் பார்ப்பது என அவருக்கு அது உதவும்.